நான்கு பேர் அறையில் ஐந்தாவது ஆள்

அடுத்த வருஷத்துத் தை மாதத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் என் கையெழுத்து இப்படிச் சொல்கிறது: "ஆவணி, இரண்டாம் செவ்வாய். காலை வேன். நாத்தனாருக்குப் பக்கத்து இடம் காலி. ஆனாலும் ஒருத்தி நின்றுகொண்டே வந்தாள்."

அடுத்த வருஷத்துத் தாள் இப்போதே எப்படிக் கிடைத்தது என்று யாரும் குழம்ப வேண்டாம். சிவகாசி ரோட்டில் ஓர் அச்சகத்தில் தினசரி காலண்டர் தாள்களைச் சரிபார்ப்பது என் வேலை. கிழமையும் நட்சத்திரமும் பிசகாமல் விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன். மை கலங்கிக் கழித்த தாள்கள் வீட்டுக்கு வந்துவிடும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும்போது நோட்டு எதற்கு? அச்சடித்த தேதியை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, எழுதிய தேதியைப் போட்டுவிடுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் கை பரபரத்தது. அஞ்சல்வழியில் சமூகவியல் படிக்கிறேன். அந்தப் பருவத்துக்கு எனக்கு வந்த கட்டுரைத் தலைப்பு பிறழ்நடத்தை. ஊர் வழக்கத்தை விட்டு விலகி நடப்பவர்களைச் சமூகவியலாளர்கள் எப்படி வரையறுக்கிறார்கள், எப்படி ஆராய்கிறார்கள் என்று எழுத வேண்டும். உதாரணத்துக்கு எங்கே போவது, ஜெயிலுக்கா, சாராயக் கடைக்கா என்று இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அதுவோ ஆமத்தூரில் என்னோடு சேர்ந்து வேன் ஏறி, எனக்கு நாலு சீட் முன்னால் உட்கார்ந்திருந்தது!

என் வீட்டுக்காரரின் தங்கை பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள் சொல்லித்தான் அந்தக் கம்பெனி வேனில் எனக்கும் இடம் கிடைத்தது. என்னை அச்சகத்தில் இறக்கிவிட்டு வேன் கம்பெனிக்குப் போகும். அவள் வேலை புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறையில். அறைக்கு வெளியே சுவரில், நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று பெயின்டில் எழுதியிருக்கும். எல்லா அறைச் சுவரிலும் இப்படி ஓர் எண் உண்டு. சீசனில் ஆர்டர் குவிந்தால் அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. ஐந்தாவது ஆள் வந்து உட்காருவார். மற்றவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு இடம் விடுவார்கள். அதுதான் நடைமுறை.

ஆவணி பிறந்ததும் போர்மேன் அந்த அறைக்கு ஐந்தாவதாக ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார். அவள் அதே அறையில் வேலை பார்க்கும் ஓர் அக்காவின் மருமகள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். என் நாத்தனார் எழுந்து நின்று, "நாலு பேருதான் அண்ணாச்சி" என்றிருக்கிறாள். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று; அப்புறம் ஆள் குறைந்த அறைகளில் அவளை மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். மறுநாளிலிருந்து என் நாத்தனாருக்குப் பெயர் கலெக்டரம்மா.

"கலெக்டரம்மா ஏறிட்டாகளா? அப்ப வண்டிய எடுங்கண்ணே!" என்று அந்த அக்கா முன்சீட்டிலிருந்து குரல் கொடுப்பார். வேனே சிரிக்கும். பிறகு போர்மேனும் சொல்லிவிட்டார்: "ஒங்கூட ஒக்கார மாட்டோம்ங்குறாக. வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். அவுக மனசு மாறலேன்னா நீ வராத." சீசன் நடுவில் நின்றவளை வேறு கம்பெனி எதுவும் சேர்க்காது. இதை வீட்டில் என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. தூக்குவாளியைத் தேய்த்த கையை மட்டும் நிறுத்தவே இல்லை.

என் பாடப்புத்தகத்தில் ஒரு செயல் தன்னளவில் பிறழ்வு ஆவதில்லை என்று இருந்தது. ஒரு கூட்டம் எதை வழக்கமாக வைத்திருக்கிறதோ, அதை மீறுவதும், மீறியவரைக் கூட்டம் நடத்துகிற விதமும் சேர்ந்தே அதைப் பிறழ்வு ஆக்குகின்றன. படித்தபோது சரி என்று அடிக்கோடு போட்டேன், அவ்வளவுதான். இப்போதோ சட்டத்தை மதித்தவள் பிறழ்ந்தவள், மீறியவர்கள் ஒழுங்கானவர்கள்! அடிக்கோடு போட்ட வரி எழுந்து வேனில் நின்றுகொண்டு வந்தது.

ஆராயும் வழிகளில் முதலாவது கவனிப்பது. அதைத்தான் செவ்வாய்க்கிழமைத் தாளில் செய்திருந்தேன். இரண்டாவது கேட்பது. அன்று சாயங்காலமே வேனில் என் பக்கத்தில் இருந்தவளிடம், "அவ அப்படி என்ன தப்புப் பண்ணிட்டா?" என்றேன்.

"தப்புன்னு இல்ல மைனி. எல்லாரும் ஒருவழி போனா இவ ஒருவழி போறா."

பின்சீட்டுக்காரி சொன்னாள்: "முன்ன மாதிரி வாயத் தொறந்து சிரிக்க மாட்டேங்குறா பாத்தீகளா?"

யாருமே பேசாத ஒருத்தி யாரோடு சிரிப்பாள்? கலெக்டரம்மா என்ற முத்திரை முதலில் வருகிறது, முகம் பிறகு அதற்குத் தக்கபடி மாறுகிறது. இதையும் எழுதிக்கொண்டேன். அன்றிரவு தூக்கம் கொள்ளவில்லை.

மூன்றாவது வழி, பெயர் தெரியாமல் அவரவரையே சொல்ல வைப்பது. பலர் முன்னால் ஒத்துக்கொள்ளாததை ஆட்கள் மறைவாகச் சொல்வார்கள். எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரு வழி தேடினேன். புதன்கிழமை காலை ஒரு பிளாஸ்டிக் கவரோடு வேன் ஏறினேன். உள்ளே தீக்குச்சிகள்; பாதிக்கு மருந்துத் தலையைக் கிள்ளியிருந்தேன். நான் ஒரு கேள்வி கேட்பேன். தலையுள்ள குச்சி 'ஆமாம்', தலையில்லாத குச்சி 'இல்லை'. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு கவரைப் பிரித்தேன்.

"யாத்தீ! குச்சி!"

வேன் குலுங்கி நின்றது. டிரைவர் திரும்பினார். "யாரு கொண்டாந்தது?"

"நாந்தாண்ணே. பெட்டி இல்ல, வெறும் குச்சிதான்."

முன்சீட்டு அக்கா எழுந்துவிட்டார். "வெறும் குச்சியா? ஏத்தா, நீ படிச்சவதான? கேட்டுல எங்கள எம்புட்டுச் சோதிச்சு உள்ள விடுதாக தெரியுமா? ஒண்ணு ரெண்டு வேனுக்குள்ள சிந்தி, யாரு சேலையிலயாவது ஒட்டிக்கிட்டு உள்ள வந்துச்சுன்னா? அங்கன நான் இருக்கேன், எம் மருமக இருக்கா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

வேன் முழுக்க என்னைப் பார்த்தது. ஒரே நிமிஷத்தில் கலெக்டரம்மாவை விடப் பெரிய குற்றவாளி நான்.

அப்போதுதான் என் நாத்தனார் வாயைத் திறந்தாள். குரல் உயரவில்லை.

"நானும் அன்னைக்கு அதத்தானக்கா சொன்னேன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அஞ்சு பேரு வாசலுக்கு ஓட எடம் ஏது? ஒங்க மருமகளயா வேண்டாம்னேன்?"

அக்கா சீட்டில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் என் கவரை வாங்கி, ரோட்டோர மண்ணில் கொட்டி, பாட்டில் தண்ணீரை முழுக்க அதன்மேல் ஊற்றினார். "பரிச்சைக்குப் படிக்கேன்னு எங்க பொழப்பக் கெடுத்துராத தங்கச்சி" என்றார். யாரோ பின்னால், "கலெக்டரம்மா வீட்டுலயே கேஸு!" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் நாத்தனாரும் சிரித்தாள், வாயைத் திறந்து.

அவமானம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அச்சகத்தில் இறங்கியபோது என் கால் தரையில் பாவவில்லை. ஒரு வழக்கம் எங்கே இருக்கிறது என்பது, அதை மீறும்போதுதான் தெரியும் என்று படித்திருந்தேன். நான் தெரியாமல் மீறிவிட்டேன், தெரிந்துவிட்டது! இரண்டுமே உயிரைக் காக்க எழுதிய விதிகள். தீக்குச்சி விதி அவர்களுடைய உடம்பிலேயே இருந்தது. நான்கு பேர் விதி சுவரில் மட்டும் இருந்தது.

வியாழக்கிழமை கழிவுத் தாள்களோடு போனேன். ஞாயிற்றுக்கிழமைத் தாள் சிவப்பு, மற்ற நாள் கறுப்பு. ஆளுக்கு ஒவ்வொன்று கொடுத்துக் கேட்டேன்: ஐந்தாவது ஆள் வந்து உட்காரும்போது, எழுந்து போய்விடலாமா என்று ஒருநாளாவது நினைத்ததுண்டா? உண்டு என்றால் சிவப்பு, இல்லை என்றால் கறுப்பு. ஒன்றை மட்டும் மடித்து மஞ்சப்பையில் போட வேண்டும்.

"இதுல பத்திக்கிறதுக்கு ஒண்ணும் இல்லையே மைனி?" என்றாள் பின்சீட்டுக்காரி.

"மை மட்டுந்தான்."

பை சுற்றி வந்தது. கடைசியில் முன்சீட்டு அக்கா அதைத் தன் மடியில் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்தார். சிவப்பு. சிவப்பு. கறுப்பு. மறுபடி சிவப்பு. மடி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள். எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தான் மட்டுமே பயப்படுகிறோம் என்று ஒவ்வொருத்தியும் இத்தனை சீசனாக நினைத்து வந்திருக்கிறாள். அக்கா தாள்களை அடுக்கி என்னிடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அச்சகத்தில் ஒரு சங்கடஹர சதுர்த்தியைக் கவனிக்காமல் விட்டு, மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்கினேன். மனம் கம்பெனி வாசலிலேயே நின்றது. சாயங்காலம் வேன் வளைந்து வந்து நின்றதும் ஜன்னலைத்தான் பார்த்தேன். என் நாத்தனாருக்குப் பக்கத்து இடத்தில் முன்சீட்டு அக்கா உட்கார்ந்து, அவள் தூக்குவாளியையும் சேர்த்து மடியில் வைத்திருந்தார். யாரும் நிற்கவில்லை.

நடந்தது இதுதான். போர்மேன் மதியம் அந்த மருமகளை மறுபடியும் அறைக்கு அனுப்பியிருக்கிறார். "நாலு பேருதான் அண்ணாச்சி" என்று குரல் எழுந்திருக்கிறது, இந்த முறை ஒன்றுக்கு மேற்பட்ட வாயிலிருந்து. அவர் முறைத்துவிட்டு, அந்தப் பெண்ணைப் பெட்டி மடிக்கிற கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். என் நாத்தனாரை வழக்கம்போல வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

ஆனால் முதலில் சொன்னது யார்? கட்டுரைக்கு அது முக்கியம். ஒரு வழக்கம் மாறும்போது முதலில் வாயைத் திறப்பவர்தான் அடுத்த முத்திரைக்குத் தலை கொடுக்கிறார். அக்காதான் சொன்னார் என்கிறாள் என் நாத்தனார். "நான் எங்க சொன்னேன்? எம் மருமகளே வாசல்ல நின்னுக்கிட்டு, உள்ள வரமாட்டேன்னுட்டா" என்கிறார் அக்கா. மருமகளைக் கேட்டால், "எனக்குத் தெரியாதுக்கா" என்று சிரிக்கிறாள். மூன்று பேச்சையும் மூன்று தாள்களில் தேதி போட்டு வைத்திருக்கிறேன். அந்த அறை வாசலில் நான் நிற்கவில்லை. முதற்குரல் யாருடையது என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.