முப்பத்தெட்டாம் எண்ணின் வருகைப்பதிவு

அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு தனியார் கலைக் கல்லூரியில் இருபத்தாறு வருடமாகக் கணிதம் சொல்லித் தருகிறேன். சொல்லித் தருவது இப்போதெல்லாம் என் வேலையில் சிறு பகுதிதான். மீதி நேரமெல்லாம் பதிவேற்றம். நடத்தப் போகும் பாடத்தைப் பதிவேற்ற வேண்டும், நடத்தியதைப் பதிவேற்ற வேண்டும், நடத்தியதற்குச் சாட்சியாக ஒரு படத்தையும் பதிவேற்ற வேண்டும். உக்கடத்திலிருந்து இரண்டு பேருந்து மாறிக் கல்லூரி வாசலில் இறங்கும்போதே எனக்குக் களைப்பாகிவிடும். பிறகுதான் கைப்பேசியைத் திறப்பேன்.

வருகைப்பதிவுச் செயலி வந்து மூன்று வருடம் ஆகிறது. அதைத் திறந்தால் வகுப்பு முழுவதும் பச்சையாக இருக்கும். வராதவர்களின் எண்ணைத் தொட்டால் அது சிவப்பாகும். அனுப்பு என்பதை அழுத்திய அடுத்த நிமிடம் அந்தப் பிள்ளையின் அப்பாவுக்குச் செய்தி போய்விடும்: உங்கள் மகள் இன்று மூன்றாவது வகுப்பிற்கு வரவில்லை. தவறாகத் தொட்டிருந்தால் திருத்துவதற்குப் பத்து நிமிடம் தருவார்கள். பிறகு பூட்டிக்கொள்ளும்.

அது வந்த புதிதில் மாணவிகள் ஒரு நாள் காலை போர்டிகோவில் உட்கார்ந்து போராடினார்கள். "நாங்க என்ன எல்கேஜியா?" என்று ஒருத்தி அட்டையில் எழுதி வைத்திருந்தாள். நிர்வாகம் யாரையும் அதட்டவில்லை. காலி வகுப்புக்குப் போய் வழக்கம்போல வருகைப்பதிவு எடுக்கும்படி எங்களிடம் சொன்னது. எடுத்தோம். அரை மணி நேரத்தில் போர்டிகோ முழுக்கக் கைப்பேசிகள் அடிக்க ஆரம்பித்தன. "அப்பா கூப்பிடறாரு" என்று ஒவ்வொருவராகப் பின்பக்கம் தட்டிக்கொண்டு எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார்கள். ஆசிரியர் அறை ஜன்னலில் நின்று அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பேர் சொல்லிக் கூப்பிட்ட காலத்தில் ஒவ்வொரு குரலும் எனக்குத் தெரியும். செயலியில் குரலுக்கு வேலை இல்லை. தலையை எண்ணி, குறைகிற எண்ணைத் தொட்டால் போதும். செயலி வந்த அடுத்த வருடம் ஒரு நாள், இரண்டாம் ஆண்டு வகுப்பில் முப்பத்தேழாம் எண் வரவில்லை. மதியத்துக்குள் இன்னொரு தளத்தில் உள்மதிப்பெண் ஏற்ற வேண்டியிருந்தது. வாசலில் அலுவலக உதவியாளர் சுற்றறிக்கையில் கையெழுத்துக்காக நின்றிருந்தார். நான் தொட்டது முப்பத்தெட்டை. அனுப்பிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன்.

முப்பத்தெட்டாம் எண் ஜன்னலோர இரண்டாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கருமத்தம்பட்டிப் பக்கம் வீடு. வீட்டை ஒட்டியே அப்பா தறி ஓட்டுகிறார். வகுப்பில் முதல் மாணவி அல்ல. ஆனால் மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது எழுந்து, "மேம், அது ஏன் அப்படி?" என்று கேட்பவள் அவள் ஒருத்திதான். அன்றும் கேட்டாள். எரிச்சலோடுதான் பதில் சொன்னேன்.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. இரண்டு நாளும் சரியான எண்ணையே தொட்டேன். மூன்றாம் நாள் அப்பாவோடு வந்தாள். அவருடைய தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது, தறியை நிறுத்திவிட்டு நேராக வந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க மேடம், டி.சி. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

கைப்பேசியை நீட்டினார். செய்தியைப் படித்தேன். அதே வகுப்பு, அதே நாள். அவள் பின்னால் நின்று தரையைப் பார்த்தபடி, "மேம், அன்னைக்கு உங்ககிட்ட டவுட் கேட்டேனுங்களே" என்றாள்.

"கேட்டாளுங்க. க்ளாஸ்லதான் இருந்தா. நான்தான் நம்பர் மாத்தி அமுக்கிட்டேன். தப்பு என்னோடதுங்க" என்றேன்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க நல்லவிங்க மேடம். பொம்பளப் புள்ளைக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதுன்னு சொல்றீங்க, புரியுதுங்க. ஆனா மிசினுக்கு எம்புள்ள மேல என்ன கோவமுங்க? அது எதுக்குங்க பொய் சொல்லோணும்?"

"மிசின் பொய் சொல்லலைங்க. அதுக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"இருக்கட்டுங்க. மெசேஜ் இங்கிலீசுல வந்துச்சுங்க, எங்க அண்ணன்தான் படிச்சுச் சொன்னாரு. ஊட்டுல எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சுங்க. வேண்டாமுங்க, டி.சி. குடுத்துருங்க."

கத்துகிற ஆளோடு மல்லுக்கட்டலாம். கைகூப்பி, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, 'இருக்கட்டுங்க' என்று சொல்கிற எங்கள் ஊர் ஆளை அசைக்க முடியாது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு முதல்வரிடம் ஓடினேன். தவறு எங்களுடையது என்று கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம் கேட்டேன். முதல்வர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"எழுத்துல குடுத்தா நாளைக்கு எல்லாப் பேரண்ட்ஸும் வந்து நிப்பாங்க மேடம். ஆப் தப்புன்னு நாமளே சொல்லலாமா?"

செயலிக்காரர்களைக் கூப்பிட்டேன். அவர்கள் அங்கிருந்தே முப்பத்தெட்டைப் பச்சையாக்கிவிட்டார்கள். அதையாவது அவருக்கு ஒரு செய்தியாக அனுப்புங்கள் என்றேன். அதற்கு வழி இல்லையாம். வராததற்குத்தான் செய்தி, வந்ததற்குக் கிடையாது. கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மரியாதையாக வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சீல் இல்லீங்களே மேடம்" என்றார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது அப்போதுதான். "உங்களுக்கு நம்பிக்கை வரணும், அவ்வளவுதானுங்களே? தினமும் அவ க்ளாஸ்ல உக்காந்திருக்கறதை நானே போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பறனுங்க" என்றேன்.

"தினமுங்களா?"

"தினமும்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. "அப்பச் சரிங்க" என்று எழுந்துகொண்டார். ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு அன்று பேருந்தில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

அதன்பின் ஒன்றரை வருடம் எடுத்தேன். முதல் வாரம் அவள் சிரித்தாள். பிறகு நான் கைப்பேசியைத் தூக்கியதும் எழுதுவதை நிறுத்தி முகத்தை மட்டும் நிமிர்த்துவாள், எடுத்ததும் குனிந்துகொள்வாள். அவள் அப்பாவிடமிருந்து உடனே ஒரு கும்பிடும், 'நன்றிங்க' என்ற குரல் செய்தியும் வரும். நான் விடுப்பு எடுத்தால் இன்னொரு ஆசிரியையிடம் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டேன். "ஏனுங்க மேடம், இன்னைக்குப் படம் வரலீங்களே" என்று கூப்பிட்டுவிட்டார். குரலில் கோபமே இல்லை.

பெஞ்சில் அவளோடு இருந்த பிள்ளைகள் படத்தில் விழாமல் இருக்க முதலில் சாய்ந்துகொண்டார்கள். பிறகு தள்ளி உட்கார்ந்தார்கள். பிறகு வேறு பெஞ்சுக்கே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள், இந்த யோசனை அவர்கள் காதுக்கு எட்டிவிட்டால் என்ன ஆவது? மூன்றாம் ஆண்டில் எடுத்த படங்களில் நான்கு பேர் உட்காரும் பெஞ்சில் அவள் மட்டும் இருக்கிறாள். சந்தேகம் கேட்பதையும் எப்போதோ விட்டுவிட்டாள். எப்போது என்று நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் மணி அடித்தபோது, கடைசி இரண்டு நிமிடம் எனக்கு மிச்சமாகிக்கொண்டே வருவது உறைத்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

பிரிவு உபசார நாளில் எல்லாரும் புடவை கட்டி வந்து ஆளுக்கொரு கைப்பேசியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் தூண் பக்கத்தில் நின்றிருந்தாள். கூட்டத்தோடு ஒரு படம் எடுக்கலாம் வா என்று கூப்பிட்டேன். "இன்னைக்கு ஒரு நாள் வேண்டாமுங்க மேம்" என்றாள். கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

போன மாதம் அவள் அப்பா கூப்பிட்டார். நகரத்துக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்திருக்கிறதாம். "எல்லாம் உங்களாலதானுங்க மேடம்" என்றார். எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. அவர் தொடர்ந்தார்: "ஒரே ஒரு ஒத்தாசைங்க. அங்கிருக்கற மேடத்துகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா, அவிங்களும் தினமும் ஒரு படம்..."

ஒரு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. "போதுமுங்க. இனி அவளை நம்பி அனுப்புங்க" என்று சொல்லியே விட்டேன்.

தறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கைப்பேசி கை மாறியது.

"மேம், சரின்னு சொல்லிருங்க மேம்" என்றாள் அவள், மெதுவாக. "நீங்க சரின்னாத்தான் அப்பா நாளைக்குச் சேத்திவிட வருவாரு."

அவள் வைக்காமல் காத்திருந்தாள். "சரி" என்றேன்.