நான் குறைத்துச் சொன்ன எடை

எங்கள் பக்கம் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையை நிறுத்துப் பார்க்க மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்று பயம். நானும் பயந்தவன்தான்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், ஆட்டையாம்பட்டியில் தறியை நிறுத்திவிட்டு, காய்ச்சல் கண்ட மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். ஒன்றரை வயதுக் குழந்தை. வரிசையில் நிற்கும்போதே வலிப்பு வந்துவிட்டது. டாக்டர் ஊசி போடச் சொன்னார்.

“பாப்பா எத்தனை கிலோங்க?” என்று கேட்டார் நர்ஸம்மா.

“ஏழுங்க” என்றேன், வாய் கூசாமல்.

அவர் குழந்தையின் தொடையைப் பார்த்தார். “ஏனுங்க, இந்த உடம்பு ஏழு கிலோவா? கணக்கு இடிக்குதுங்களே!”

சட்டென்று குழந்தையோடு எடை மெஷினில் ஏறினார். என்னிடம் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் ஏறி, கழித்துப் பார்த்தார். “பன்னண்டு. நீங்க சொன்னதுக்கு மருந்து போட்டிருந்தா வலிப்பு நின்னிருக்காதுங்க சாமி.”

“கண்ணு பட்டுருமுன்னு...”

“பட்டா நானே சுத்திப் போடறனுங்க!” என்றபடியே எத்தனை கிலோவுக்கு எவ்வளவு மருந்து என்று மனக்கணக்காகப் போட்டு, டாக்டரிடம் சொல்லிச் சரிபார்த்து, ஊசியைப் போட்டார். சற்று நேரத்தில் மகளின் விறைத்த விரல்கள் தளர்ந்தன.

“கணக்குல கெட்டிங்களா?” என்று கேட்டேன்.

“அது ஒண்ணுதானுங்க எனக்கு இனிக்கும். ஊட்டுல பேங்கு வேலைக்குப் போகச் சொன்னாங்க, நான் இங்க வந்துட்டேன்.”

நர்ஸம்மாவுக்குக் கைராசி என்று அங்கிருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். அவருடைய கணக்கைச் சொன்னால் என் பொய்யையும் சொல்ல வேண்டுமே! அதை இன்றுதான் சொல்கிறேன்.