மூன்று வெள்ளைப் பூவும் ஒரு சிவப்புப் பூவும்

முருகா என்று கூப்பிட்டுப் பிழைத்துக்கிடக்கும் எல்லோருக்கும் ஒரு களைத்துப்போன பெண்ணின் வணக்கம். எழுத உட்காரும்போதே கண்ணைச் சுழற்றுகிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

நாங்கள் நாமகிரிப்பேட்டைப் பக்கம். நான் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். வீட்டுக்காரர் ராசிபுரத்தில் லாரிகளுக்கு பிரேக் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். மகள் வெளியூரில் படிக்கிறாள். எங்கள் இருவருக்கும் ஒரு பைத்தியம் உண்டு, மலைச் சைக்கிள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கு, கல்லிலும் முள்ளிலும் இறங்குகிற வண்டி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நாங்கள் ஏதாவது ஒரு கரட்டில் இருப்போம். எங்கள் ஊர்ப்பக்கம் பாறையும் புதருமாக நிற்கும் சின்னக் குன்றைக் கரடு என்போம். ஆடு மேய்கிற ஒற்றையடிப் பாதைதான் எங்களுக்கு ரோடு.

சொந்தக்காரர்கள் செய்த கேலி கொஞ்சமில்லை. "கரட்டுக்கு மேல யாருங்க டீச்சர் உங்களுக்குப் பந்தி போட்டுருக்காங்க?" என்பார்கள். நாங்கள் கண்டுகொள்ளவில்லை. வாரம் முழுக்க அவர் பட்டறையில், நான் பள்ளியில். பேசிக்கொள்ள நேரமிருக்காது. ஞாயிறு காலையில் மட்டும்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி.

பந்தயங்களுக்கும் போவோம். அதில் ஆணும் பெண்ணும் ஜோடியாக ஓட்டும் பிரிவு ஒன்று உண்டு. அதன் விதி இதுதான்: முதல் ஆள் எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் கணக்கில்லை, ஜோடியில் இரண்டாவது ஆள் கோட்டைத் தாண்டும்போதுதான் கடிகாரம் நிற்கும். இந்த விதி என் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இறக்கம் வந்தால் அவருக்குக் கால் நிற்காது. முன்னால் பறந்துவிடுவார். நான் பின்னால் போவேன். ஊரில் உள்ள லாரிக்கெல்லாம் பிரேக் வைக்கிற மனிதர், தன் வண்டியில் பிரேக்கைத் தொட யோசிப்பார்.

மாசி மாதம் அப்படி ஒரு பந்தயம். ஒரு வளைவில் நான் திரும்பியபோது அவருடைய சைக்கிள் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. ஓடிப்போய் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். "முருகா, உசுரை மட்டும் உட்டு வையி. மத்ததை நான் பாத்துக்கறேன்." இதைத்தான் கேட்டேன். என் மடியில் தலை வைத்துக் கிடந்தவர் கண்ணைத் திறந்தார்.

காறை எலும்பு உடைந்திருந்தது. விலா எலும்பிலும் கீறல். சேலத்தில் ஆபரேஷன் செய்து தட்டு வைத்து ஸ்குரு போட்டார்கள். 'மத்ததை நான் பாத்துக்கறேன்' என்று வாக்குக் கொடுத்தேனே, அதை முருகன் அப்படியே எடுத்துக்கொண்டான்.

குளிப்பாட்டுவது, சட்டை மாட்டிவிடுவது, பள்ளிக்கு ஓடுவது, பட்டறைக்குப் போன் போட்டு எந்த லாரி நிற்கிறது என்று கேட்பது, சாயங்காலம் அவரைத் தோளுக்கான பிசியோதெரபிப் பயிற்சிக்கு அழைத்துப்போவது. மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டே நின்றபடி தூங்கியிருக்கிறேன். நம்புவீர்களோ என்னவோ. பிள்ளைகள்தான் "மிஸ், மிஸ்" என்று எழுப்புவார்கள்.

அலுப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அவர் பேசாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. கையில் கட்டு அவிழ்ந்தும் வாய்க்கட்டு அவிழவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவார். வலிக்கிறதா என்றால் இல்லை என்பார். எங்கள் சைக்கிள்கள் இரண்டும் ஹாலில் சுவரில் கொக்கி போட்டு மாட்டியிருக்கும். நாள் முழுக்க அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எனக்கு அந்தச் சைக்கிளைக் கண்டாலே ஆத்திரமாக வரும்.

எங்கள் ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கரட்டின் மேல் முருகன் கோயில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எந்த முக்கியமான காரியத்துக்கும் சாமியிடம் பூப்போட்டு உத்தரவு கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்து வேலின் அடியில் வைப்பார்கள். நாம் கேட்க வேண்டியதை மனசுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். எங்கள் கோயிலில் வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் பொறு என்று அர்த்தம்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். "அவரு இனி சைக்கிளைத் தொடவே கூடாது. தூக்கிக் குடுத்தரட்டுமா சாமி?" என்று மனசுக்குள் கேட்டேன். வெள்ளை வந்தது. கரட்டுப் படியில் உட்கார்ந்து நிம்மதியாக அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "ஏனுங்க, சைக்கிளை யாருக்காச்சும் குடுத்தரலாமுங்க. பூப்போட்டுக் கேட்டுட்டேன். வெள்ளை வந்துருச்சு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்பக் கேட்ட?"

"இப்பத்தான் கேட்டுட்டு வாரேன்."

"நான் செவ்வாக்கெழமையே கேட்டுட்டேன். மறுக்காச் சைக்கிள் ஓட்டலாமான்னு. எனக்கும் வெள்ளைதான் வந்துச்சு."

எனக்குத் தெரியாமல் பஸ் ஏறி, ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துப் படியேறிப் போய் கேட்டிருக்கிறார்! எனக்கு வந்த கோபம் முருகனுக்குத்தான் தெரியும். அவருக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. மாசிக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார். விலா வலிக்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

மறுநாளே இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம், நியாயம் கேட்க. பூசாரி விசைத்தறி வைத்திருப்பவர். பூசை முடிந்ததும் தறிக்கு ஓட வேண்டும் அவருக்கு. நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஏனுங்க டீச்சரம்மா, நீங்க மனசுக்குள்ள கேட்டது எனக்கெப்படித் தெரியுமுங்க? பொட்டலத்தைப் பிரிக்கறது மட்டுந்தான் என்ற வேலை. ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு ஆளுக்கொரு பக்கமா இழுத்தா அந்தச் சாமிதான் என்னங்க பண்ணும்? ரெண்டு பேரும் பேசி ஒரு கேள்வியா கொண்டாங்க. நான் போயி டீத்தண்ணி குடிச்சுப்போட்டு வாரேன்."

அவர் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டார். நாங்கள் படியில் உட்கார்ந்தோம். ஒரு கேள்வி வேண்டும் என்றால் பேசித்தானே ஆக வேண்டும்?

முதலில் நான்தான் ஆரம்பித்தேன். என்ன பேசினேன் என்று எனக்கே முழுதாக ஞாபகம் இல்லை. கொட்டித் தீர்த்தேன். "நீங்க உளுந்ததுக்குக்கூட நான் அழுவுலீங்க. என்னை உட்டுட்டு முன்னால போனீங்களே, அதைத்தான் தாங்க முடியல. இத்தன வருசமா உங்க முதுகையே பாத்துக்கிட்டு வாரேன். வளைவு திரும்பற ஒவ்வொரு வாட்டியும், இருக்கீங்களா இல்லையான்னு பயந்துக்கிட்டே வாரேன். எனக்கு முடியலீங்க. சலிச்சுப்போச்சு."

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "நீ பின்னால வர்றப்ப உன்ற சக்கரம் கிர்ருனு சத்தம் போடும், அம்மிணி. அது காதுல உளுந்தா எனக்கு ஒரு தைரியம். அதுலதான் முன்னால போயிருவேன். இப்ப ஊட்டுல நீ ஓடிக்கிட்டே இருக்கற. பக்கத்துல உக்காரக்கூட மாட்டேங்கற. அந்தச் சத்தத்தைக் கேக்கோணும்னுதான் ஓட்டலாமான்னு கேட்டேன். பந்தயம் எல்லாம் எனக்கு வேண்டாம்."

இதை வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நீ எங்க நின்ன, சொல்றதுக்கு?" என்றார். "அப்படின்னா இனி நான் முன்னால போறனுங்க, நீங்க பின்னால வாங்க" என்றேன்.

பூசாரி திரும்பி வந்தபோது எங்களிடம் ஒரே கேள்விதான் இருந்தது. 'இனி சைக்கிளில் நான் முன்னால், அவர் பின்னால். அப்படிப் போகலாமா?' இரண்டு பேரும் கை கூப்பி அதையே கேட்டோம். பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார்.

சிவப்பு வந்தது.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்கூட. அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனால் அவர் தகராறு செய்யவில்லை. பொறு என்று நான் சொல்லியிருந்தால் பத்துக் காரணம் சொல்லியிருப்பார். முருகனே சொன்னதால் விபூதியைப் பூசிக்கொண்டு கிளம்பினார். படி இறங்கும்போது பாதியில் நின்றார்.

"அம்மிணி, ஒண்ணு சொல்றேன், திட்டாத. ராத்திரியில தோள்பட்டை குடையுது. உள்ளுக்குள்ள என்னமோ நெரடற மாதிரி இருக்குது. சொன்னா நீ சைக்கிளையே தொட உட மாட்டீன்னு சொல்லல."

இனி அவர் மறைக்க என்ன இருக்கிறது? அதுதான் ஏற்கெனவே பொறு என்று வந்துவிட்டதே! திங்கட்கிழமையே சேலத்துக்குப் போனோம். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் முகம் மாறியது. எலும்பு சரியாகக் கூடாமல், ஸ்குரு கழன்று தட்டு ஆடிக்கொண்டிருந்தது. "இந்த நிலைமையில சைக்கிள்ல இருந்து விழுந்திருந்தீங்கன்னா, பக்கத்துல இருக்கிற பெரிய ரத்தக்குழாயே கிழிஞ்சிருக்கலாம்" என்றார். வெள்ளை வந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் கரட்டுக்குப் போயிருப்போம். போயிருப்போம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்பனே முருகா, அந்தச் சிவப்புப் பூவுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

மறுபடியும் ஆபரேஷன். மறுபடியும் குளிப்பாட்டு, சட்டை, பள்ளி, பட்டறை, பயிற்சி. அற்புதம் நடந்தால் அலுப்பு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குப் போகவில்லை. ஆனால் இந்த முறை அவர் பேசினார். நான் சமைக்கும்போது அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். இடது கையால் பூண்டு உரிப்பார், பாதித் தோலோடு. வலித்தால் வலிக்கிறது என்றார். நானும் முடியவில்லை என்றால் முடியவில்லை என்றேன். அன்றைக்குக் கடையில் இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுவோம்.

தைப்பூசம் முடிந்ததும் டாக்டர் எலும்பு கூடிவிட்டது என்றார். இரண்டு பேரும் படியேறிப் போய் அதே கேள்வியை மறுபடி கேட்டோம். வெள்ளை வந்தது. பூசாரி எங்களைப் பார்த்து, "இந்த வாட்டியாச்சும் ஒரே கேள்விதானுங்களே?" என்றார்.

மாசியில் அதே பந்தயத்துக்கே பேர் கொடுத்தோம். பந்தயம் வேண்டாம் என்று சொன்ன மனிதர்தான். என்னைக் கேட்டுத்தான் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும். நான் முன்னால் போனேன். மேட்டில் மூச்சு வாங்கியது. வயசு என்று ஒன்று இருக்கிறதே. அந்த வளைவு வந்தபோது நான் பிரேக் பிடித்து இறங்கிவிட்டேன். அவரும் இறங்கினார். இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே அந்த இடத்தைத் தாண்டினோம். பின்னால் வந்தவர்கள் எல்லாம் எங்களைக் கடந்து போனார்கள். போகட்டும். அந்தப் பள்ளத்தைப் பார்த்து அவர் ஒருமுறை கும்பிட்டார்.

நான் கோட்டைத் தாண்டியபோது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். கிர்ர் என்று அவருடைய சக்கரச் சத்தம் தூரத்தில் கேட்டது. கிட்டே வந்தது. என்னைத் தாண்டி நின்றது. அப்போதுதான் கடிகாரமும் நின்றது. எங்கள் பிரிவில் நாங்கள்தான் கடைசி ஜோடி.

கஷ்டத்தில் இருப்பவர்களே, விடாமல் கேளுங்கள், அவன் கேட்பான். கோயில் படியேறும் முன்னால் வீட்டில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். பொறு என்று பதில் வந்தால் மனம் நொந்து திரும்பாதீர்கள். அந்த ஒரு பதிலால்தான் என் வீட்டுக்காரர் இன்று உயிரோடு இருக்கிறார்.

பந்தயத்தன்று வீட்டுக்கு வந்ததும் ஹாலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஷூவைக்கூடக் கழற்றத் தெம்பில்லை. அவர் என் சைக்கிளை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் கொக்கியில் மாட்டினார். பிறகு தன்னுடையதை மாட்டினார். அப்புறம் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, என் ஷூ கயிற்றை அவிழ்த்தார்.