சிலைக்கூடத்தில் அம்மா எல்லோருக்கும் மிஸ்

நீடாமங்கலத்தில் நான் படித்த பள்ளியில்தான் அம்மா வரலாற்று டீச்சர். கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் அம்மாவை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட வேண்டும். டீச்சர் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். எனக்கு அதில் புகார் இல்லை. லீவு விட்டால் அம்மா எனக்கு மட்டும்தானே. ரயிலேறித் தஞ்சாவூர் வந்து, அரண்மனைக்குள் இருக்கும் சிலைக்கூடத்துக்குப் போவோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும். இப்போதும் போகிறோம்.

அங்கே ஒரு வெண்கலச் சிவன். ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே மாற்றி வைத்து ஒயிலாக நின்று, வெறும் காற்றின்மேல் கையைச் சாய்த்திருப்பார். “இவரு ஏன்டி இப்படி நிக்கிறாரு?” என்று முதல் தடவை அம்மா கேட்டபோது, “பஸ் வரல, கால் வலிக்குது” என்றேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் காவலாளி திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் காதோடு சொன்னாள்: அந்தக் கைக்குக் கீழே காளை ஒன்று நின்றிருக்க வேண்டும், அது கிடைக்கவே இல்லை. அந்தச் சிரிப்பையும் காளையையும் என் சொத்தாகவே நினைத்திருந்தேன்.

ஏழாம் வகுப்பில் எங்கள் வகுப்பு முழுவதையும் வேனில் ஏற்றி அங்கேயே கூட்டிவந்தாள். அதே சிவன், அதே கேள்வி. நான் கையைத் தூக்கினேன்.

“ஒனக்குத்தான் தெரியுமே. வேற யாராவது சொல்லுங்க.”

காலையிலிருந்து அம்மாவின் கைப்பையைச் சுமந்துகொண்டு, புடவையை ஒட்டியே நடந்த ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி சொன்னாள்: “பஸ்ஸுக்கு நிக்கிறாரு மிஸ்.”

அம்மா முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். அதே சிரிப்பு, துளி குறையவில்லை.

“அம்மா, அது நான் சொன்னது.”

“மிஸ்ஸுன்னு சொல்லுடி,” என்று பின்னால் ஒருத்தி கிள்ளினாள். திட்டு விழும் என்று நின்றேன்.

“ஆமா, இவதான் மொதல்ல சொன்னா. பால்வாடி போறப்ப,” என்றாள் அம்மா. வகுப்பே சிரித்தது.

“அப்ப நான் ரெண்டாவதா மிஸ்?” என்றாள் சடைக்காரி.

“நீயாத்தானே யோசிச்ச. அப்புறம் என்ன ரெண்டாவது?” அவள் கன்னத்தில் ஒரு தட்டு. பிறகு காளைக் கதையையும் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லி முடித்தாள்.

திரும்பும்போது முண்டியடித்து ஏறி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். சடைக்காரி நின்றுகொண்டே இருந்தாள்.

“கொஞ்சம் நகந்துக்க. மூணு பேரு உக்காரலாம்,” என்றாள் அம்மா என்னிடம்.

நடுவில் அம்மா, இரண்டு பக்கமும் நாங்கள். வேன் ஊரைத் தாண்டி வயல்களுக்குள் வந்ததும் சடைக்காரி அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபக்கத்துத் தோள் காலியாகத்தான் இருந்தது. நான் நீடாமங்கலம் வரை நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தேன்.