ஏழையென்று ஒரு கடிதம்

எங்கள் வீட்டின் முன்பாதிக்கு ஓடு போட்டிருந்தது. பின்பாதி பனையோலை. வீதியால் போகிறவர்களுக்கு ஓடு தெரியும். கிணற்றடிக்கு வருகிறவர்களுக்கு ஓலை தெரியும். சாவகச்சேரிக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ஊரில் பல வீடுகள் அப்படித்தான் இருந்தன, யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் எனக்குப் பதினேழு வயதான வருடம், எந்தப் பாதியை யாருக்குக் காட்டுவது என்பது பெரிய சிக்கலாகிவிட்டது.

இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்ததுதான் காரணம். அக்காவுக்கு வலிகாமத்திலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அதே மாதத்தில் நான் சீனியர் பரீட்சையில் நல்லபடி தேறினேன். வலிகாமப் பக்கத்தில் ஒரு மிஷன் கல்லூரியில் பெண்பிள்ளைகளை லண்டன் இன்டர் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தும் வகுப்புத் தொடங்கியிருந்தார்கள். அங்கே விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்று நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். சரியாகச் சொன்னால், பகலில் மட்டும் சாப்பிடாமல் இருந்தேன்.

ஐயா புகையிலைச் செய்கைக்காரர். மகளின் படிப்பைப் பற்றி அவருக்கு ஒரு தெளிவான கொள்கை இருந்தது. “இவள் படிச்சு ரீச்சராய் வந்தால் சீதனம் பாதியாய்க் குறையும்” என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குச் சரித்திரப் பாடத்தில் இருந்த ஆசையை விட அந்தக் கொள்கைதான் எனக்கு அதிகம் உதவியது. ஆனால் விடுதிச் செலவைக் கேட்டதும் கொள்கை தடுமாறியது. முன் வருடம் புகையிலை நோய் கண்டு, மூன்று காணியில் இரண்டை ஈடு வைத்திருந்தோம்.

வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கல்லூரி உபகாரச் சம்பளம் கொடுத்தது. விண்ணப்பப் படிவம் இங்கிலீசில் வந்தது. நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன், ஐயா வெற்றிலை போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“தகப்பன் ஏழை, பிள்ளையின்ரை செலவைத் தாங்க ஏலாதவர் எண்டு விதானையார் கடிதம் தரவேணுமாம், ஐயா.”

“நான் எப்ப பிள்ளை ஏழையானனான்?”

“படிவத்திலை அப்பிடித்தான் கேக்கினம்.”

“ஏழையெண்டு போடாதை. கொஞ்சம் கஷ்டமெண்டு போடு.”

“அப்பிடிப் போட இடமில்லை. ஓம் அல்லது இல்லை எண்டுதான் எழுதலாம்.”

ஐயா எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “ஓமெண்டு எழுது. ஆனால் சின்னதாய் எழுது” என்றார்.

விதானையாரிடம் போவதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. அக்காவின் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். ஊர்த் தலைவர் என்ற முறையில், எங்களுக்கு மூன்று காணியும் இரண்டு கிணறும் வில்லங்கமில்லாமல் இருப்பதாக மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர் சொல்லியிருந்தார். பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று, ஓலைப்பாதிக்குப் போகிற கதவைச் சாத்தி, அதன்மேல் அம்மாவின் கூறைச் சேலையைத் திரைபோலத் தொங்கவிட்டிருந்தோம். மாப்பிள்ளையின் தாய்மாமன், ஓய்வுபெற்ற தபால் அதிபர், அந்தச் சேலையின் கரையைப் புகழ்ந்துகொண்டே ஏழெட்டுப் பயத்தம் பணியாரம் சாப்பிட்டார்.

அது நடந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. ஐயா விதானையாருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். விதானையார் கொஞ்சமும் திகைக்கவில்லை.

“நான் அங்கை சொன்னது கலியாணத்துக்கு. இது படிப்புக்கு. ரண்டும் வேறை வேறை கந்தோர். நீர் ஏன் யோசிக்கிறீர்?” என்று சொல்லி, ஒரு முழுப் பக்கம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். எங்கள் கூரையின் ஓலை இடைவெளியால் நட்சத்திரம் எண்ணலாம் என்று அதில் இருந்தது. வழியில் நான் அதை வாசித்துக் காட்டியபோது ஐயா, “இவர் எங்கடை வீட்டுக்குப் பின்னாலை எப்ப வந்தவர்?” என்று மட்டும் கேட்டார்.

ஒரு மாதம் கழித்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ரயிலில் போய் இறங்கி, மிச்சத் தூரம் மாட்டுவண்டியில் போனோம். ஏழையாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக ஐயா பழைய சால்வையைப் போட்டிருந்தார். மரியாதையாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக அம்மா அதை இரண்டு தரம் தோய்த்துக் காயவைத்திருந்தா. கூப்பிட்டதும் உள்ளே போனோம். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கல்லூரி அதிபர், ஒரு வெள்ளைக்கார அம்மா. ஒரு பக்கம் பாதிரியார். மறுபக்கம், விதானையாரின் கடிதத்தைக் கையில் பிடித்தபடி, பணியாரம் சாப்பிட்ட தபால் அதிபர்.

அவர் எங்களைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கடிதத்தைப் பார்த்தார். தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை.

அதிபர் அம்மா ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் கேட்டா. “உங்களுக்கு எத்தனை காணி இருக்குது?”

மூன்று என்றால் எனக்குப் படிப்பில்லை. ஒன்றுமில்லை என்றால் அக்காவுக்குக் கலியாணமில்லை. ஐயா சால்வையை ஒருதரம் எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் எனக்காகவா அக்காவுக்காகவா பொய் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். எனக்காக என்று இருக்கவேண்டும் என்று மனம் ஆசைப்பட்டதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

“மூண்டு காணி, அம்மா” என்றார் ஐயா. “ரண்டு ஈட்டிலை கிடக்கு. மற்றதிலை புகையிலை. கிணறு ரண்டெண்டு சொல்லுவினம், ஒண்டிலைதான் தண்ணி. வீடு பாதி ஓடு, பாதி ஓலை. நட்சத்திரம் தெரியாது. நான் வருஷா வருஷம் வேயிறனான்.”

பாதிரியார் சிரிப்பை அடக்கினார். தபால் அதிபர் கடிதத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார். எங்களைப் போகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை நான்தான் சொன்னேன். அம்மா நிலத்தில் இருந்துவிட்டா. அக்கா உரலில் இடித்துக்கொண்டிருந்த மாவை அரித்து முடித்தபிறகு, “அந்தாளுக்கு எங்கடை பணியாரம் செமிச்சிருந்தால் வெளியிலை சொல்லாது” என்றா. அதற்குப் பிறகு பத்து நாள் என்னோடு கதைக்கவில்லை. அவவின் இடத்தில் நான் இருந்தால் இருபது நாள் கதைத்திருக்க மாட்டேன்.

பதினோராம் நாள் தபால் அதிபர் தனியாக வண்டியில் வந்து இறங்கினார். அம்மா சேலையைத் தேடி உள்ளே ஓடினா. “அதை விடுங்கோ பிள்ளை, கதவு திறந்தபடி கிடக்கட்டும், காத்து வருது” என்றார் அவர். பிறகு ஐயாவுக்கு முன்னால் இருந்து, மெல்லத் தொடங்கினார்.

“எங்கடை பெடியன் கிளாக்கர் எண்டு சொன்னனாங்கள். கிளாக்கர்தான். ஆனால் இன்னும் நிரந்தரமாக்கேல்லை.”

ஐயா வெற்றிலைத் தட்டத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

“அவன் படிச்சதும் உந்த மாதிரி ஒரு கடுதாசியிலைதான். எங்கடை விதானையார் எழுதினது. எங்களுக்குக் கூரையே இல்லையெண்டு எழுதிவிட்டார் அந்தாள்.”

ஐயாவின் முகம் அன்றைக்குத்தான் இளகியது. “ஓலை கூட இல்லையோ?” என்று கேட்டார்.

“இல்லை. ரண்டு வீட்டுக்காரரும் ஏழையெண்டு முத்திரையோடை இருக்கு. இனிப் பேரம் பேசிறதிலை என்ன கிடக்கு? நல்ல நாளாய்ப் பாப்பம்.”

அக்காவின் கலியாணம் தை மாதம் நடந்தது. தபால் அதிபர், இனிமேல் சொந்தக்காரர் என்று சொல்லி என் விஷயத்தில் முடிவெடுக்காமல் விலகிக்கொண்டார். மற்ற இருவரும் எனக்குப் பாதிச் செலவைத் தந்தார்கள், ஒரு நிபந்தனையோடு. குடும்பத்தின் நிலை மாறவில்லை என்று ஒவ்வொரு வருடமும் எழுதிக் கொடுக்கவேண்டும். இரண்டாம் வருடம் புகையிலை நல்ல விலைக்குப் போனது. ஊரில் மற்றவர்கள் பெண்சாதிகளுக்குக் காப்பு வாங்கினார்கள். ஐயா மட்டும் செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்போலத் திரிந்தார். கடைசியில் வந்ததை எல்லாம் கொண்டுபோய் ஒரு காணியை ஈட்டிலிருந்து மீட்டுவிட்டு, “நிலை மாறவில்லை, கடன் மட்டும் மாறியிருக்கிறது” என்று தானே எழுதிக் கையெழுத்து வைத்தார். கல்லூரி ஏற்றுக்கொண்டது.

இன்டர் பரீட்சையில் முதல்தரம் சரித்திரத்திலேயே தவறினேன். இரண்டாம் தரம் தேறினேன். தொண்டைமானாற்றுப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. எனக்கும் சம்பந்தம் பேசி வந்தார்கள். சீதனம் பாதியாகக் குறையும் என்ற ஐயாவின் கணக்கு மட்டும் பலிக்கவில்லை. படித்த பெண்ணை வைத்துக் காப்பாற்றச் செலவு அதிகம் என்று மாப்பிள்ளை வீட்டார் சீதனத்தைக் கூட்டிக் கேட்டார்கள்.

“ஏன் உவ்வளவு தூரம் படிப்பிச்சனீங்கள்?” என்றும் அவர்கள் கேட்டார்கள்.

ஐயா கொஞ்சம் யோசித்தார். “படிவத்திலை ஓமெண்டு எழுதிப்போட்டன்” என்றார். அவர்களுக்கு அது விளங்கவில்லை. அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை; நான் அதற்காகக் கவலைப்படவும் இல்லை.