வில்லி என்ற நாத்தனார்

வில்லி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். வில் பிடிக்கிறவள் வில்லி, அவ்வளவுதான். சினிமாவில் வருகிற வில்லியை நினைத்து அவன் சொல்லவில்லை. பின்னாளில் ஊரே அந்த அர்த்தத்தில் சொல்லத் தொடங்கியபோது அவன்தான் வருத்தப்பட்டான். அவள் வருத்தப்படவில்லை.

குடும்பத்துக்குச் சலவைத் தொழில். பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் மூட்டை மூட்டையாக வாங்கி வந்து துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். அப்பா போன பிறகு அம்மாதான் முதலாளி. நனைந்த விரிப்பு எவ்வளவு கனக்கும் என்பது தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அவளுக்குத் தோளும் முதுகும் உரமேறிவிட்டன.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் வில்வித்தைக் கழகத்தின் மைதானம். ஒருநாள் குறி தவறிய அம்பு ஒன்று சுவரைத் தாண்டி வந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த விரிப்பைக் கிழித்துவிட்டது. அம்மா அம்பைக் கையில் எடுத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினாள். சாட்சிக்கு மகளையும் இழுத்துக்கொண்டு போனாள். அம்மா கத்தி ஓய்வதற்குள் மகள் அங்கே சாய்த்து வைத்திருந்த வில்லை எடுத்து முழுதாக இழுத்துப் பார்த்துவிட்டாள். பயிற்சியாளர் அம்மாவின் வசவு எதையும் காதில் வாங்கவில்லை. அந்தப் பெண்ணின் தோளையே பார்த்துக்கொண்டு நின்றார். கிழிந்த விரிப்புக்குப் பதிலாக மகளைக் கழகத்தில் சேர்த்துக்கொள்வது என்று பேச்சு முடிந்தது. அந்த பேரத்தில் ஜெயித்தது யார் என்று அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

மைதானத்தில் அவளுக்கு முதலில் கிடைத்த சிநேகிதி, மருந்துக்கடைக்காரரின் மகள். இருவருக்கும் ஒரே வயது. ஒருத்தியின் அம்பை இன்னொருத்தி பிடுங்கி வருவாள். ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். "என்னடி", "வாடி" என்றுதான் பேச்சு. சிநேகிதி அடிக்கடி வீட்டுக்கு வரத் தொடங்கியது தன்னைப் பார்க்கவா, அண்ணனைப் பார்க்கவா என்பது வில்லிக்குத் தெரியும். இருவருக்கும் நடுவில் தூது போனதே அவள்தான்.

ஒலிம்பிக்ஸுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் போட்டி வந்தது. முதல் மூன்று இடத்தில் வருகிறவர்கள் போகலாம். காலைச் சுற்றில் வில்லி இரண்டாவது, சிநேகிதி நான்காவது. வில்லைத் தாங்கியில் வைத்துவிட்டு வில்லி சாப்பிடப் போனாள். திரும்பி வந்து எய்தபோது அம்புகள் சிதறின. ஒன்று மேலே போனது, ஒன்று பக்கவாட்டில் போனது. தன் கைதான் சதி செய்கிறது என்று நினைத்து, இன்னும் கவனமாக எய்யப் போய் இன்னும் கெட்டது. போட்டி முடிந்த பிறகுதான் பயிற்சியாளர் வில்லை வாங்கி அளந்து பார்த்தார். நாணின் முறுக்கு தளர்ந்திருந்தது. வெயிலில் இளகியிருக்கும், சாப்பிட்டு வந்ததும் சரிபார்த்திருக்க வேண்டாமா என்று அவளையே திட்டினார். அவள் நான்காவதாகப் போனாள். சிநேகிதி மூன்றாவதாக வந்தாள்.

அணிவகுப்பில் சிநேகிதி போட்டுக்கொண்டு நடக்க வேண்டிய சீருடை அவர்கள் சலவைக்கடைக்குத்தான் வந்தது. வில்லி தன் கையாலேயே அதற்கு இஸ்திரி போட்டாள். காலரை இரண்டு தடவை போட்டாள். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுது அனுப்பிவைத்தாள்.

சிநேகிதி முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினாள். மறுவருடம் அண்ணனுக்கும் அவளுக்கும் கல்யாணம். இனிமேல் 'டி' போடக் கூடாது, 'அண்ணி, நீங்க' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முதல் சில நாட்கள் இருவருக்கும் சிரிப்பாக வந்தது. பிறகு பழகிவிட்டது. வில்லி மைதானத்துக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு கடையைப் பார்க்கத் தொடங்கினாள்.

உண்மை வெளியே வந்தது ஒரு திரைச்சீலையால். ஓட்டல்காரருடைய விலை உயர்ந்த திரை ஒன்றை அண்ணி இஸ்திரியில் கருக்கிவிட்டாள். மத்தியானம் சாப்பிடும்போது அம்மா அதைச் சொல்லிக் காட்டினாள். இஸ்திரி போடுவதற்கென்று நான் பிறக்கவில்லை, ஒலிம்பிக்ஸ் பார்த்தவள் என்று அண்ணி பதில் சொன்னாள். அம்மாவுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"ஒலிம்பிக்ஸ் போன கதைய எங்கிட்ட சொல்லாத. இவ வில்லோட நாண அவுத்து முறுக்கத் தளர்த்திட்டுத்தான நீ போன?"

சொல்லி முடித்த பிறகுதான் மகளும் அங்கே உட்கார்ந்திருப்பது அம்மாவுக்கு உறைத்தது. வில்லி அண்ணனைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டா. அழுதுகிட்டேதான் சொன்னா." அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "குடும்பம் ஒண்ணா இருக்கணுமேன்னு அம்மாவும் நானும் அப்படியே விட்டுட்டோம்."

வில்லி சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினாள். கடைக்குள் போய் விட்ட இடத்திலிருந்து விரிப்புகளுக்கு இஸ்திரி போடத் தொடங்கினாள். அண்ணி பின்னாலேயே வந்து, புத்தி கெட்டுப்போய்ச் செய்துவிட்டேன், மன்னித்துவிடு என்று விம்மினாள். "வெளிச்சத்த மறைக்காதீங்க அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் வில்லி. அடுத்த விரிப்பை எடுத்து மேசையில் விரித்தாள். பெரிய மனசு என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

பெரிய மனசெல்லாம் இல்லை. நாண் விஷயத்துக்காக மட்டுமே அவள் பொருமவில்லை. அந்தக் காலரை நினைத்துத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. இரண்டு தடவை இஸ்திரி போட்டாளே, அப்போது அண்ணி பக்கத்திலேயே நின்று 'நல்லா வந்திருக்குடி' என்று சொன்னாளே, அதை நினைத்தால் தூக்கம் போனது. கழகத்தில் புகார் கொடுத்தால் சாட்சி கேட்பார்கள். கொடுத்து ஜெயித்தாலும் யாரோ நாலு பேர் ஒரு அறைக்குள் பேசித் தீர்ப்பார்கள். அது அவளுக்கு வேண்டாம். தன்னிடமிருந்து பறித்த அதே இடத்தில், உலகம் பார்க்க, அண்ணி தலை நிமிர முடியாமல் நிற்க வேண்டும்.

மறுநாள் காலையிலேயே மைதானத்துக்குப் போனாள். இலக்கின் மஞ்சள் வட்டத்தில் அண்ணியின் முகத்தை நினைத்துக்கொண்டு எய்தாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முகத்தை நினைத்தால் அம்பு சிதறும். அவள் கோபத்தைச் சலவைக்கடையில் வைத்துவிட்டுப் போவாள், திரும்பி வந்து எடுத்துக்கொள்வாள். மழையிலும் காற்றிலும் எய்தாள். வந்த வரன்களை எல்லாம் தட்டிக் கழித்தாள். அடுத்த ஒலிம்பிக்ஸுக்கான தேர்வில் முதலாவதாக வந்தாள். அன்றைக்கு முழுக்க வில்லைக் கையை விட்டு இறக்கவில்லை. கழிப்பறைக்கும் தூக்கிக்கொண்டுதான் போனாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் பயிற்சியை விடாத அவளும் இரண்டாவதாக வந்து அணியில் இருந்தாள்.

வீராங்கனைகள் தங்கும் குடியிருப்பில் நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஒரே அறை. குடும்பத்துக்குள் ஒற்றுமை என்று பயிற்சியாளர் பூரித்துப் போனார். அங்கேதான் அண்ணியிடம் ஒன்றைப் பார்த்தாள் வில்லி.

வில்லின் நடுவில் மெல்லிய தகடு ஒன்று அம்பின் மேல் அழுத்தி நிற்கும். கிளிக்கர் என்பார்கள். அம்பை முழு நீளத்துக்கு இழுத்ததும் அது நுனியைத் தாண்டி விழுந்து 'டிக்' என்று சத்தம் போடும். சத்தம் கேட்ட அந்தக் கணமே விரல்கள் தாமாக நாணை விட வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசிக்கத் தொடங்கிவிட்டால் அதற்குப் பிறகு கை கேட்காது. சிலருக்குத் தகடு விழவே விழாது, விரல் விறைத்து அப்படியே நிற்கும். நல்ல நல்ல வில்லாளிகள் அந்தப் பயத்தில் ஆட்டத்தையே விட்டிருக்கிறார்கள். அதனால் மைதானத்தில் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். பேசினாலே ஒட்டிக்கொள்ளும் என்பார்கள்.

அண்ணி சில அம்புகளை இழுத்துவிட்டு எய்யாமல் இறக்கினாள். மற்றவர்கள் களைப்பு என்று நினைத்தார்கள். வில்லிக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் வைத்துக்கொண்டாள். அணிப் போட்டிதான் முதலில். அதில் இருவரும் ஒரே பக்கம். அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நின்று "நல்லா போகுது அண்ணி, விடுங்க" என்று நிஜமாகவே உற்சாகப்படுத்தினாள். காலிறுதி வரை போய்க் கௌரவமாகத் தோற்றார்கள்.

பிறகு தனிநபர் போட்டி. இருவரும் முதல் சுற்றில் ஜெயித்தார்கள். இரண்டாவது சுற்றில் ஒருவரோடொருவர் மோத வேண்டும் என்று பலகையில் வந்தது. ஒரே நாட்டுக்காரர்கள் என்பதால் பயிற்சியாளர் யார் பின்னாலும் நிற்காமல் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

காலைப் பயிற்சியில் அண்ணி வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது வில்லி பக்கத்தில் போய் நின்றாள். அக்கறையான குரலில்தான் சொன்னாள்.

"அண்ணி, கிளிக்கர் விழுறதுக்கு முன்னாடி நீங்க கண்ண மூடுறீங்க. கொஞ்ச நாளாவே பாக்கறேன். சொல்லாம இருந்தா தப்பு, அதான் சொல்றேன்."

அண்ணியின் முகம் மாறியதை அவள் நின்று பார்த்தாள். எத்தனையோ பதக்கங்களை விட அது இனித்தது என்று பிற்பாடு ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள்.

போட்டியில் ஒரு அம்புக்கு இருபது விநாடிதான். அண்ணி முதல் அம்பை இழுத்தாள், இறக்கினாள். மறுபடி இழுத்தாள். கண்ணை அகலமாக விழித்துக்கொண்டு நின்றாள். தகடு விழவில்லை. இறக்கினாள். நேரம் முடிந்து மணி அடித்தது, அம்பு வில்லிலேயே இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்லி தன் அம்பை மஞ்சளில் செருகினாள். அடுத்த அம்பை அண்ணி அவசரமாக விட, அது இலக்கின் ஓர வெள்ளையில் போய்க் குத்தியது. அதற்கடுத்தது மறுபடியும் கையிலேயே நின்றது. பெரிய திரையில் அவளுடைய கண்கள் மட்டும் தெரிந்தன. வில்லி ஒரு அம்பைக்கூட இரக்கத்துக்காக வெளியே விடவில்லை.

முடிந்ததும் கைகுலுக்க வேண்டும் என்பது விதி. கையைப் பிடித்தபடியே அண்ணி கேட்டாள்.

"வேணும்னுதான சொன்ன?"

"ஆமாடி," என்றாள் வில்லி.

காலிறுதியில் வில்லி ஒரு வெளிநாட்டுக்காரியிடம் தோற்றாள். நன்றாக எய்துதான் தோற்றாள். வருத்தம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. வந்த வேலை முன்பே முடிந்துவிட்டது.

ஊர் திரும்பிய பிறகு அண்ணியால் எய்யவே முடியவில்லை. அம்பே இல்லாமல் வெறும் வில்லை இழுத்தாலும் பாதியில் கை நின்றுவிட்டது. அண்ணன் தனி வீடு பார்த்துக்கொண்டு போனான். அம்மா இரண்டு வீட்டுக்கும் நடுவில் அல்லாடினாள். ஒருநாள் அண்ணன் கடைக்கு வந்து, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டான்.

"அவ நெஜமாவே கண்ண மூடுனாளா?"

"எல்லாரும்தான் மூடுவாங்க. கண்ணுன்னா இமைக்காதா? நானும் மூடுவேன்."

"அத அவகிட்ட வந்து சொல்லும்மா. உன் வாயால ஒரு வார்த்த சொன்னாப் போதும், அவ சரியாயிடுவா."

"கல்யாணத்துக்கு முன்னாடி நீயும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அண்ணன் எழுந்து போய்விட்டான். வீட்டில் தானே சொல்லிப் பார்த்தான். அவன் சொன்னதை அண்ணி நம்பவில்லை.

அதற்கப்புறம்தான் அண்ணி மைதானத்துக்கு வரத் தொடங்கினாள். வில்லோடு இல்லை. மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, எய்கிறவர்கள் நிற்கும் கோட்டுக்குப் பக்கவாட்டில், வில்லியின் முகம் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பேசவில்லை, சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. வில்லியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் வந்தாள். முன்னாள் ஒலிம்பிக் வீராங்கனையை வெளியே போ என்று யார் சொல்வது?

முதலில் வில்லிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகினாள். ஒருநாள் வில்லை இழுத்துத் தகடு விழக் காத்திருந்த நேரத்தில், தான் இமைக்கப் போவது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. இமைத்தாள். அம்பு எங்கேயோ போனது. அடுத்த அம்பில் இமைக்கக் கூடாது என்று நினைத்தாள். நினைத்ததோடு முடிந்தது, அதற்குப் பிறகு கை கேட்கவில்லை.

தன்னை என்ன செய்கிறாள் அண்ணி என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தான் வாயால் செய்ததை அண்ணி வாயே திறக்காமல் செய்கிறாள். அதில் இருந்த நேர்த்தியை அவளால் ரசிக்கக்கூட முடிந்தது. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்கடுத்த ஒலிம்பிக்ஸுக்கான தேர்வில் கடைசி வரிசைக்குப் போனாள்.

அன்று மாலை வில்லைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணி நாற்காலியை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். மைதானத்தில் வேறு யாரும் இல்லை.

"எனக்குப் போதும். உனக்கு?" என்று கேட்டாள் அண்ணி.

வில்லி நாணைச் சுருட்டி உறையில் போட்டாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"எனக்கு இன்னும் போதல."

அண்ணி தலையை ஆட்டினாள், அது தனக்கும் தெரியும் என்பது போல. பேருந்து நிறுத்தத்துக்கு ஒரே வழிதான். ஒருத்தி முன்னால் நடந்தாள். இன்னொருத்தி, அவளை முந்தவும் முந்தாமல், ரொம்பப் பின்தங்கவும் செய்யாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள்.