கட்டம் போட்ட பாவாடை

மலையண்ணன் என்று நாங்கள் கூப்பிட்டது அவர் உடம்பைப் பார்த்து. வெளிநாட்டுப் பழைய துணி வந்திறங்கும் கிடங்கில் மூட்டை இழுப்பவர். இரும்புக் கொக்கியை மூட்டையில் குத்தி, திருகி, இழுப்பார். கோபமும் அதே வேகத்தில் வரும். நான் பக்கத்து மேசையில் துணி பிரிப்பவள். அவரிடம் அடி வாங்கியவன் பல்லைப் பொறுக்கியதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் மூட்டைக்குள்ளிருந்து கனத்த கம்பளியில் கட்டம் போட்ட மடிப்புப் பாவாடை வந்தது. பெண்கள் குவியலில் எறியப் போனேன்.

“போடாதம்மா. குளிர் நாட்டுல பட்டாளத்து ஆம்பளைங்க கட்டுறது. டிவியில பாத்திருக்கேன்” என்று தடுத்தார் மலையண்ணன்.

மறுநாள் அதையே கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். சிரித்தவன் மூக்கு உடைந்தது. அப்புறம் யாருக்குச் சிரிப்பு வரும்?

“இதக் கட்டினாத்தான் என் உடம்பு எனக்கே பிடிக்குதும்மா” என்றார் என்னிடம். அந்த முரட்டு முகத்தில் அப்படி ஒரு வெட்கம்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் மனைவிக்கோ தெருவில் தலைகாட்ட முடியவில்லை. சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கடைசியில் தன் அண்ணனிடம் போனாள். அண்ணன்தான் எங்கள் மேஸ்திரி.

“நாலு பேர் முன்னாடி உருவி எறிண்ணே. அப்பத்தான் விடுவாரு.”

மேஸ்திரி ஆள் சேர்த்துக்கொண்டு வந்தான். மலையண்ணன் ஒருத்தனைத் தூக்கி எடைமேடைமேல் அடித்தார். இன்னொருத்தன் கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மிச்சப் பேர் அவர் முதுகில் தொங்கினார்கள்.

“கிட்ட வராத மச்சான்!”

மேஸ்திரி கொக்கியால் பாவாடையைப் பிடித்தான். துணியை மட்டும் இழுத்திருக்கலாம், படுபாவி. மூட்டை இழுத்தே பழகிய கை. குத்தினான், திருகினான், இழுத்தான். பாவாடை கிழிந்தது விரல் நீளம். தொடை கிழிந்தது ஒரு சாண்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். “வெட்டாதம்மா, அவுத்துத் தர்றேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். டாக்டரிடம், மூட்டை இழுக்கும்போது கை தவறிவிட்டது என்றார். மச்சானைக் காட்டிக்கொடுக்கவில்லை. கதவோரம் நின்று மனைவி எல்லாவற்றையும் கேட்டாள்.

மறுநாள் காலை அவள் கிடங்குக்கு வந்தாள். புருஷனின் தொளதொளத்த கால்சட்டை, இடுப்பில் அவருடைய பெல்ட். நேராக அண்ணனிடம் போய், கொக்கியை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

“நானும் ஆம்பள உடுப்புத்தான் போட்டிருக்கேன். குத்துண்ணே.”

அவன் கொக்கியைக் கீழே போட்டான். அவள் விட்ட அறையில் மேசையோடு சாய்ந்தான்.

“இது அவர் தொடைக்கு” என்றாள். பிறகு அதே கையால் தன் கன்னத்தில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டாள். நாங்கள் பிடித்தும் அவள் நிறுத்தவில்லை.